கொட்டாஞ்சேனைக் குறிப்புகள்

ஏப்ரல் 27
குசினி பல்பைச் சுற்றி மூன்று. அரிசிப் பூச்சி என்றார் அத்தை. அரிசிப் பூச்சி இப்படி இருக்காது. ஒன்றை அடித்து வெள்ளைத் தாளில் வைத்துப் பார்த்தேன். சாம்பல் கலந்த மண்நிறம், சுண்டுவிரல் நகத்தளவு, சிறகு ஓரத்தில் மயிர். அப்பாவிடம் சொல்லவில்லை.

ஏப்ரல் 28
கிளினிக்கில் அப்பாவின் ரிப்போர்ட் வரவில்லை. வெள்ளிக்கிழமை வரச் சொன்னார்கள்.

ஏப்ரல் 29
அப்பா தூங்கும் நேரம் பார்த்துச் சாக்கைக் கொட்டினேன். அத்தைக்கென்று ஊரிலிருந்து 10 கிலோ உருளைக்கிழங்கு கொண்டுவந்தது, பாதிக்கு மேல் மிச்சம். கிழங்கின் கண்ணோரம் கருப்புத் தூள். சுரண்டினால் ஓட்டை. வெட்டினால் தோலுக்கடியில் பழுப்பு வழி, அதன் முடிவில் பழுப்புத் தலையோடு வெள்ளைப் புழு. சாக்கு மடிப்பில் மண் ஒட்டிய கூடுகள். கிழங்கைத் துளைக்கும் அந்துப்பூச்சிதான், சந்தேகமே இல்லை.

நாள் எண்ணினேன். முட்டைக்கு 5, புழுவுக்கு இரண்டு வாரம், கூட்டுக்குள் ஒரு வாரம் அல்லது கொஞ்சம் கூட. கொழும்புச் சூட்டில் அவ்வளவுதான் ஆகும். நாங்கள் பஸ் ஏறியது மார்ச் 30. பின்னால் எண்ணிக்கொண்டே போனால் அதற்கு முந்தின ராத்திரியில் போய் நிற்கிறது.

ஏப்ரல் 30
வெலிமடையில் இருக்கும் தம்பியிடம் பேசினேன். "ஸ்டோர்ல ஒண்டும் இல்லண்ணே, நேத்துதான் பார்த்தேன்." இல்லாமல் இருக்காது. ஒரே குவியலில் பிரித்த கிழங்கு. இங்கே பறக்கத் தொடங்கிவிட்டது, வெலிமடைக் குளிரில் அங்கே மெதுவாகத் தின்றுகொண்டிருக்கிறது. 10 பாகைக்குக் கீழே இறங்கினால்தான் வளர்ச்சி கிட்டத்தட்ட நிற்கும், நம் ஸ்டோர் அப்படிக் குளிர்வதில்லை. அத்தை வீட்டுச் சாக்கு நமக்கு இரண்டு வாரம் முந்திக்கொண்டு சொல்கிறது என்றேன். பூச்சியைத் தேடாதே, கண்ணைப் பார், கிழங்கின் கண்ணை.

சரி சரி என்றான். அவன் இரண்டு முறை சரி சொன்னால் பார்க்க மாட்டான்.

மே 2
ரிப்போர்ட் இல்லை. மெஷின் பழுதாம். நாலு மணிநேரம் வரிசையில் நின்ற பிறகு சொல்கிறார்கள்.

திரும்பும்போது த்ரீவீலில் அப்பா தானாகவே, "சாக்குல பூச்சி வந்திருச்சில்ல" என்றார். எப்போது பார்த்தாரோ. ஜனவரியில் இரண்டாம் தடவை மண் அணைக்காததுதான் காரணமாம். அப்போதே அவருக்கு மூச்சு வாங்கியது, ஆள் பிடிக்கவும் காசில்லை. பெப்ரவரி வெயிலில் வரம்பு வெடித்தது. வெடிப்பு வழியாகப் பூச்சி இறங்கிக் கிழங்கிலேயே முட்டை வைக்கும். தண்ணீர் கட்டியிருந்தாலாவது மண் மூடியிருக்கும். எல்லாம் உண்மைதான். "என்னாலதான்" என்றார். நான் ரோட்டைப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

மே 4
அந்த ராத்திரியை எழுதிவிடுகிறேன். கடைசி இரண்டு பாத்தியும் தோண்டி முடிக்கும்போது இருட்டிவிட்டது. மறுநாள் விடியற்காலை கிளினிக்குக்கு பஸ். சாக்கு போதவில்லை. குவியலை அப்படியே வயலில் விட்டு, அறுத்த செடித்தழையை அள்ளி மேலே மூடினேன். பனியும் வெயிலும் படாமல் இருக்கட்டும், பச்சை ஏறக்கூடாது என்றுதான். தழை வாடினால் இலைக்குள் இருக்கும் புழு கிழங்குக்கு இறங்கும், ராத்திரி பறக்கும் பூச்சிக்கும் அதுவே நல்ல மறைவு. தோண்டின கிழங்கை அன்றைக்கே ஏற்று, தழையால் மூடாதே என்று விவசாயப் போதனாசிரியர் எத்தனை முறை சொல்லியிருப்பார். தலையாட்டியவன் நான். மூடியவனும் நான். அப்பா அப்போது வீட்டில் படுத்திருந்தார். விடியும் முன் அதில் பத்துக் கிலோவை அள்ளிக்கொண்டு பஸ் ஏறினோம். மிச்சத்தைத் தம்பி பிறகு வந்து கட்டினான், தழையை அவன் பெரிதாக நினைக்கவில்லை.

விதைக்கு ஒதுக்கியது முழுக்க அந்தக் குவியலில் இருந்துதான்.

மே 5
அத்தையின் பல்கனிக் கத்தரிச் செடியில் இரண்டு இலையைப் பிடுங்கிவிட்டேன். கத்தரி, தக்காளி, புகையிலை, எதிலும் இது தங்கும். இலையில் ஒன்றும் இல்லை. அத்தை பேசவில்லை.

மே 7
தம்பிதான் பேசினான். குரலிலேயே தெரிந்தது. கீழ்த்தட்டில் அதிகமாம். கடைக்காரர் ஏதோ தூள் கொடுத்திருக்கிறார், எல்லாவற்றிலும் தூவட்டுமா என்றான். உள்ளே போன புழுவுக்குத் தூள் என்ன செய்யும்? முதலில் ஒவ்வொன்றாகக் கையில் எடுத்துப் பார், ஓட்டை இருந்தால் கழி. கழித்ததை ஸ்டோருக்குப் பின்னால் கொட்டாதே, ஆழக் குழி தோண்டிப் புதை. சாக்கைக் கொதிநீரில் போடு. தட்டு இடுக்கு, சுவர் வெடிப்பு எல்லாம் கூட்டு, கூடு அங்கேதான் இருக்கும். ஜன்னலுக்குச் சின்னக் கண் வலை. பிறகு உண்ணிச்செடி இலையைக் காயவைத்து நொறுக்கி அடுக்கடுக்காகப் போடு. அது விரட்டும், கொல்லாது.

"நீங்க வந்தா நல்லம்" என்றான். நான் எப்படிப் போவேன்.

மே 9
கிளினிக் வராந்தாவில் போனில் படித்தேன். பெருவில், லிமாவில் இருக்கும் சர்வதேச உருளைக்கிழங்கு மையத்தில் இந்தப் புழுவுக்கு வரும் வைரஸ் நோயையே மருந்தாக்கியிருக்கிறார்கள். நோய் பிடித்த புழு பால் மாதிரி வெளுத்துவிடும். அதை அரைத்து டால்க் மாவில் கலந்து சேமிப்புக் கிழங்கின் மேல் தூவுவார்கள். அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். "புழுவையும் வரிசையில நிக்க வைப்பாங்களோ" என்று கேட்டுச் சிரித்தார். சிரிப்பு இருமலில் முடிந்தது.

மே 12
வெசாக். தெருமுனையில் மரவள்ளிக்கிழங்கு தன்சல், சும்மா கொடுக்கும் பந்தல். வாங்கிய துண்டை விளக்கு வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். பின்னால் நின்றவர் "என்ன தம்பி, சாப்பிடுறதா விலை பேசுறதா" என்றார்.

மே 13
குசினியில் ஒன்று.

மே 15
தம்பி நாலு சாக்கு கழித்திருக்கிறான். மிச்சம் முக்கால்வாசி நடவுக்குத் தேறுமாம். தேறட்டும்.

இன்று அப்பாவை வார்டில் எடுத்துக்கொண்டார்கள். டாக்டர் இன்னும் வரவில்லை. அப்பா ஜன்னலோரக் கட்டிலில் உட்கார்ந்து, பக்கத்துக் கட்டில்காரருக்கு மண் எப்படி அணைக்க வேண்டும் என்று இரண்டு கையாலும் போர்வையைக் குவித்துக் காட்டிக்கொண்டிருக்கிறார்.