அப்பாவுக்கு ரெண்டாவது தடவ ஹெபடைடிஸ் பி ஊசி போட்ட அனுபவம்

கோத்தகிரி பக்கம் எங்க ஊரு. அப்பாவுக்கு லிவர் சிரோசிஸ், அதாவது ஈரல் தழும்பாகி சுருங்கிப்போற நோய். குடிப்பழக்கமே கிடையாது, சுகரும் ஃபேட்டி லிவரும் சேந்து இப்படி முத்திப்போச்சு, வயித்துல தண்ணி கோத்து ரெண்டு தடவ எடுத்தாச்சு. பக்கத்துல ஒரு இடத்துல எல்லாருக்கும் போடற மாதிரியே 0, 1, 6 மாசம்னு 20 மைக்ரோகிராம் ஹெபடைடிஸ் பி (லிவரத் தாக்கற வைரஸ்) தடுப்பூசி மூணு போட்டு கார்டு குடுத்துட்டாங்க, நாங்களும் முடிஞ்சதுன்னு நிம்மதியா இருந்துட்டோம்.

ரெண்டு மாசம் கழிச்சு கோயமுத்தூர் லிவர் டாக்டர் கார்ட பாத்துட்டு "டைட்டர் பாத்தீங்களாம்மா?"ன்னார். எனக்கு அந்த வார்த்தையே புதுசு. கடைசி ஊசிக்கு ஒண்ணு ரெண்டு மாசம் கழிச்சு ரத்தத்துல ஆன்டி ஹெச்பிஎஸ், அதாவது ஊசியால உண்டான எதிர்ப்புப் பொருளோட அளவு பாக்கணுமாம், அதுதான் டைட்டர், 10 வந்தாதான் பாதுகாப்பு. அப்பாவுக்கு 4. லிவர் முத்திட்டா சாதா டோஸ்ல நிறைய பேருக்கு எதிர்ப்பு சக்தி வராதாம், அதனாலதான் டபுள் டோஸ், அதுவும் நோய் முத்தறதுக்கு முன்னாடியே போடறது நல்லதாம். இத மொதல்லயே யாராவது சொல்லியிருந்தா எட்டு மாசம் வீணாகியிருக்காது, அந்தக் கோவம் எனக்கு இன்னும் போகல.

பி ஏற்கெனவே வந்திருக்கான்னு டெஸ்ட் பண்ணி, இல்லன்னு தெரிஞ்சதும் 0, 1, 2, 6 மாசம், ஒவ்வொரு தடவையும் 40 மைக்ரோகிராம். ஹெபடைடிஸ் ஏ-வுக்கும் ஊசி எழுதினார், உயிர் வைரஸ் ஊசி வேண்டாம், ஆறு மாச இடைவெளியில ரெண்டு தடவ போடற வகைதான்னு.

மூணாவது டோஸ் சமயம் மழை, அப்பாவால மலை இறங்கி ஏற முடியல. நானே போயி மருந்து வாங்கிட்டு மேட்டுப்பாளையத்துலேர்ந்து பஸ்ஸு, ஐஸ் டப்பா மடியில. 2லேர்ந்து 8 டிகிரிக்குள்ள இருக்கணும், ஆனா உறைஞ்சாலும் வீணாம், அதனால பாட்டில் ஐஸ்ல ஒட்டாம துண்டுல சுத்தி ஒவ்வொரு வளைவுலயும் கைய வச்சுப் பாத்துக்கிட்டே வந்தேன். இங்க நர்ஸக்கா ரெண்டு பாட்டிலையும் வெளிச்சத்துல தூக்கி மெதுவா ஆட்டினாங்க, கலங்கின பால் மாதிரி ஒரே சீரா இருந்துச்சு, "நல்லாருக்கு கண்ணு"ன்னாங்க. ரத்தத்த உறைய வைக்கற பிளேட்லெட் கம்மின்றதால தோள்ல போட்டப்புறம் அஞ்சு நிமிஷம் பஞ்ச அழுத்திப் புடிச்சிட்டே இருந்தாங்க.

ஆறாம் மாச ஊசி முடிஞ்சு ஆறு வாரத்துல டைட்டர் எடுத்தோம். 68. அப்பா கண்ணாடி போட்டு அந்த நம்பர ரெண்டு தடவ படிச்சார்.