ஹார்ட்மனின் இரங்கல் கான்செர்ட்டோ: முதலில் இரண்டு பாட்டுகளைக் கற்றுக்கொள்ளுங்கள்

கார்ல் அமாடேயுஸ் ஹார்ட்மன் எழுதிய ‘கான்செர்ட்டோ ஃபூனேப்ரே’ (‘இரங்கல் கான்செர்ட்டோ’; கான்செர்ட்டோ என்றால் தனி வாத்தியமும் குழுவும் சேர்ந்து வாசிப்பது) ஏறத்தாழ 20 நிமிடம் ஓடும். ஒரு தனி வயலின், கூடவே தந்தி வாத்தியங்கள், அவ்வளவுதான். ஊதுகருவி இல்லை, முரசும் இல்லை. இரண்டாம் உலகப் போர் தொடங்கிய வருடத்தில் போரை நினைத்து எழுதிய இசையில் ஒரு முரசுகூட ஒலிக்கவில்லை என்பதை முதலில் மனத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். அடிக்கிற சத்தம் முழுவதையும் வில்தான் தர வேண்டும். வாசிப்பவர்கள் படும் பாட்டில் பாதி அங்கிருந்தே வருகிறது.

ஹார்ட்மன் மியூனிக்காரர், 1905இல் பிறந்தவர். ஹிட்லர் ஆட்சிக்கு வந்ததும் ஜெர்மனியின் இசை மேடைகளிலிருந்து விலகிக்கொண்டார். நாட்டைவிட்டு ஓடவில்லை, வீட்டில் இருந்தபடி எழுதி வெளிநாடுகளுக்கு அனுப்பினார். 1935இல் செக்கோஸ்லோவாக்கியாவின் தலைநகர் பிராகில் அரங்கேறிய ‘மிசேரே’ என்ற படைப்பை நாஜிகளின் டாக்காவ் வதை முகாமில் செத்த நண்பர்களுக்குக் காணிக்கையாக்கியிருந்தார். 1939 மார்ச் 15 அன்று ஜெர்மன் படை அதே பிராகுக்குள் நுழைந்தது. இந்த கான்செர்ட்டோ அந்த ஆண்டில் எழுதியது. 1940 பிப்ரவரி 29 அன்று சுவிட்சர்லாந்தின் செயின்ட் காலன் நகரில் ‘இரங்கல் இசை’ என்ற பெயரில் முதலில் ஒலித்தது. 1959இல் திருத்தி, இப்போதைய பெயரை வைத்தார். இன்று எல்லோரும் வாசிப்பது அந்தத் திருத்திய வடிவம். ஷாட் பதிப்பகத்தில் கேட்டால் கிடைக்கும்.

நான்கு பகுதிகள்: அறிமுகம், அடாஜியோ (மெதுவானது), அலெக்ரோ (வேகமானது), கடைசியில் ஒரு கோரல் (கூட்டமாகப் பாடும் பாட்டின் மெட்டு). இடையில் நிறுத்தம் கிடையாது. முதல் பகுதியும் கடைசிப் பகுதியும் இரவல் மெட்டுகளின் மேல் நிற்கின்றன. நம்பிக்கைக்கு இடமில்லாத காலத்துக்கு எதிராக, தொடக்கத்திலும் முடிவிலும் இந்த இரண்டு கோரல்களை நிறுத்தியதாக ஹார்ட்மனே விளக்கியிருக்கிறார். ஆக, அந்த இரண்டு பாட்டும் தெரியாமல் கேட்டால் நடுவிலுள்ள அழுகையும் ஆத்திரமும் மட்டுமே காதில் விழும்.

முதல் பாட்டு 15ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த ஹூஸைட்டுகளின், அதாவது சீர்திருத்தவாதி யான் ஹூஸைப் பின்பற்றிய செக் கிறித்தவர்களின், போர்ப்பாட்டு. ‘கடவுளின் படைவீரர்கள் யாரோ, அவன் சட்டத்தைக் காப்பவர் யாரோ, அவனிடம் துணை கேளுங்கள், கடைசியில் அவனோடு வெல்வீர்கள்’ என்பது அதன் பொருள். காதில் ஏற்றிக்கொள்ள எளிய வழி, செக் இசையமைப்பாளர் ஸ்மெட்டனாவின் ‘என் தாய்நாடு’ தொகுதியிலுள்ள ‘தாபோர்’. அதன் தொடக்கத்தில் ஹார்ன்கள் ஒரே சுரத்தைத் திரும்பத் திரும்பக் குத்துவது இந்தப் பாட்டின் தலைதான். அடுத்து வரும் ‘பிளானிக்’கிலும் இதே மெட்டு தொடரும். சோவியத் டாங்கிகள் பிராகுக்குள் வந்தபோது செக் இசையமைப்பாளர் காரெல் ஹூசா எழுதிய ‘பிராக் 1968க்கான இசை’யும் இதைத்தான் எடுத்தது. பிராகை யார் மிதித்தாலும் இந்தப் பாட்டு எழுந்து வந்துவிடுகிறது. 1939இல் ஒரு ஜெர்மானியர் இதைக் கையில் எடுத்தார் என்பதற்கு வேறு விளக்கம் தேவையில்லை.

இரண்டாவது, ரஷ்யப் புரட்சியாளர்களின் சவ ஊர்வலப் பாட்டு. ‘போராட்டத்தில் நீங்கள் பலியானீர்கள்’ என்று இறந்தவர்களை நேராக விளித்துத் தொடங்கும். இதை ஜெர்மன் மொழிக்குக் கொண்டுவந்தவர் ஹெர்மன் ஷெர்ஷன். முதல் உலகப் போரில் ரஷ்யாவில் பிடித்துவைக்கப்பட்டிருந்த கண்டக்டர் (இசைக்குழுவை நடத்துபவர்), பிற்காலத்தில் ஹார்ட்மனின் வழிகாட்டி. மெட்டைப் பழகிக்கொள்ள சோவியத் இசையமைப்பாளர் ஷொஸ்டகோவிச்சின் 11ஆவது சிம்பொனியின் மூன்றாம் பகுதிக்குப் போங்கள்: செல்லோவும் டபுள் பேஸும் விரலால் மீட்டிக்கொண்டிருக்க, மேலே வியோலாக்கள் முழுப் பாட்டையும் மெதுவாகப் பாடும்.

ஒன்றைக் கவனித்தீர்களா? அமைதிக்கான படைப்பு என்று நிகழ்ச்சிக் குறிப்புகளில் எழுதுகிறார்கள். ஆனால் அதன் இரண்டு தூண்களும் சண்டை போட்டவர்களின் பாட்டுகள். ஒன்று போருக்குப் போகும்போது பாடியது, மற்றொன்று செத்தவனைத் தூக்கிப் போகும்போது பாடியது. இதைச் சாந்தமான, கண்ணை மூடிக் கேட்கும் இசையாக வாசிப்பவர்கள் மேல் எனக்குக் கோபம் வரும்.

இனி வாசிப்பவர்களுக்கு.

ஆள் கணக்கு. முதல் வயலின் 6, இரண்டாம் வயலின் 5, வியோலா 4, செல்லோ 4, டபுள் பேஸ் 2, ஆக 21 பேர் வசதியான அளவு. பதினான்குக்குக் கீழே போனால் அலெக்ரோவின் அடி தட்டச்சு இயந்திரச் சத்தமாகச் சுருங்கிவிடும். பெரிய சிம்பொனிக் குழுவின் 60 தந்தியாளர்களையும் உட்காரவைத்தால் அடாஜியோவில் தனி வயலின் மூழ்கும். பிறகு சோலோயிஸ்ட் (தனி வயலின் வாசிப்பவர்) சத்தத்துக்காக வில்லை அழுத்துவார், அழுத்தினால் அழுகை கத்தலாக மாறும். பெரிய குழுதான் கையில் இருக்கிறது என்றால் அடாஜியோவில் பின்வரிசைகளை நிறுத்திவையுங்கள்.

அறிமுகம் மிகச் சிறியது. கோரலைத் தனி வயலின் சுமக்கிறது. குழு ஒவ்வொரு வரியின் முடிவையும் மட்டும் வாங்கி இறக்கிவைக்கும். இங்கே வழக்கமாக நடக்கும் தவறு, முதல் சுரத்திலிருந்தே விரல் அதிர்வும் இழுப்பும் சேர்த்து மெட்டையே அடையாளம் தெரியாமல் செய்துவிடுவது. பாட்டை வாயால் பாடிப் பாருங்கள். ஒரே மூச்சில் வரி முடிய வேண்டும். மூச்சு போதவில்லை என்றால் வேகம் தவறு. குழுவுக்கு இங்கே ஒவ்வொரு அடியையும் பிளந்து காட்டும் கண்டக்டர் தேவையில்லை. சோலோயிஸ்ட் வில்லைத் திருப்பும் இடத்தைப் பார்த்தாலே போதும்.

அடாஜியோவின் புலம்பலை நடுநடுவே மெட்டு இளைப்பாறும் இடங்கள் தடுத்துக்கொண்டே இருக்கும். அந்த இடங்களைத் தாண்டி ஒரே நீளக் கோடாக இழுப்பது அழகு என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இழுத்தால் மூன்றாவது நிமிடத்திலேயே கேட்பவருக்கு அலுத்துவிடும். அழுகிறவர்கூட மூச்சு வாங்க நிறுத்துவார். பென்சிலால் ஸ்கோரில் (இசைத்தாளில்) அந்த இடங்களைக் குறித்து, அங்கே வில்லின் வேகத்தையும் அதிர்வையும் ஒரே சமயத்தில் குறைத்துவிடுங்கள். ஒன்றை மட்டும் குறைத்தால் இளைப்பாறல் கேட்காது, சுரம் மெலிந்தது மட்டும்தான் கேட்கும்.

அலெக்ரோதான் உடம்பை வாங்கும் பகுதி. ஒரே சுரத்தில் எட்டாம் நோட்டுகளை, அதாவது குறுகிய சுரங்களை, சம்மட்டி மாதிரி அடிக்க வேண்டும். எல்லோரும் வில்லின் அடிப்பக்கத்துக்கு, கைப்பிடி அருகே போய்விடுவார்கள். அங்கே சத்தம் கிடைக்கும், உண்மைதான். ஆனால் வில்லின் எடை முழுவதும் கையில் விழுவதால் இரண்டாவது பக்கத்திலேயே தோள் இறுகி வேகம் சரியத் தொடங்கும். கண்டக்டர் தள்ள, குழு இன்னும் இறுக, கடைசியில் இரைச்சல்தான் மிஞ்சும். தந்தியை விட்டு எழாமல், வில்லின் நடுப்பகுதிக்குச் சற்றுக் கீழே, நான்கு விரல் நீளத்துக்கு மேல் போகாமல் வாசியுங்கள். வில் துள்ளினால் அது நடனமாகிவிடும். பலத்தை எல்லா அடிக்கும் சமமாகக் கொடுக்காமல் சொற்றொடரின் உச்சிக்கு மட்டும் சேமித்துவையுங்கள். டபுள் பேஸ் எப்போதும் ஒரு மயிரிழை தாமதமாகத்தான் பேசும். எதிரொலி அதிகமுள்ள தேவாலயத்தில் இது அப்பட்டமாகத் தெரியும். அங்கே வாசிப்பதானால் அவர்களைக் குழுவின் பின்னால் தனியே நிறுத்தாமல் செல்லோக்களை ஒட்டி நிறுத்துங்கள். சுரத்தின் நீளத்தையும் பாதியாக வெட்டுங்கள்.

அடுத்த ஆபத்து சுருதி. நிறுத்தம் இல்லாததால் 20 நிமிடத்தில் சுருதி சேர்க்க வாய்ப்பே கிடையாது. அலெக்ரோ அடித்த அடியில் தந்திகள் இறங்கியிருக்கும், ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு அளவில். உடனே வருவது மெதுவான கோரல், ஒளிந்துகொள்ள இடமில்லை. ஒத்திகையில் பகுதி பகுதியாக நிறுத்தி, ஒவ்வொரு முறையும் சுருதி சேர்த்துப் பழகிய குழுதான் மேடையில் இங்கே மாட்டிக்கொள்ளும். தீர்வு, குறைந்தது மூன்று ஒத்திகைகளில் அலெக்ரோவின் கடைசி இரண்டு பக்கத்திலிருந்து கோரலின் முதல் பக்கத்துக்கு நிற்காமல் போவது. இறங்கிய தந்தியை விரலால் எப்படிச் சரிக்கட்டுவது என்று கை தானே கற்றுக்கொள்ளும். திறந்த தந்திகளைக் கோரலில் முடிந்தவரை தவிர்த்துவிடுங்கள். புதுத் தந்தி கட்டுபவர்கள் நிகழ்ச்சிக்கு ஒரு வாரம் முன்பே கட்டிவிட வேண்டும்.

கோரலின் தலைப்பில் ‘மெதுவான மார்ச்’ என்று ஹார்ட்மன் எழுதியிருக்கிறார். ‘மெதுவான’ என்பதை எல்லோரும் படிக்கிறார்கள், ‘மார்ச்’ என்பதைப் படிப்பதில்லை. சவப்பெட்டியைத் தோளில் சுமந்து நடப்பவர்கள் மெதுவாகத்தான் போவார்கள், ஆனால் நிற்க மாட்டார்கள். நின்றால் கனம் அழுத்தும். குழு முழுவதும் எழுந்து அறையைச் சுற்றி நடந்தபடி மெட்டைப் பாடட்டும். கால் தடுமாறினால் வேகம் குறைவு, மூச்சு இரைத்தால் அதிகம்.

நிகழ்ச்சியில் கூட எதை வைப்பது? 21 பேரோடு இன்னும் இருவர் கிடைத்தால் ஜெர்மன் இசையமைப்பாளர் ரிச்சர்ட் ஸ்ட்ராஸின் ‘மெட்டமார்ஃபோசன்’ வாசிக்கலாம் என்று தோன்றும். அது 23 தனித் தந்திகளுக்கானது. ஆனால் வயலின் 10, வியோலா 5, செல்லோ 5, டபுள் பேஸ் 3 என்று வேண்டும். மேலே சொன்ன குழுவில் வயலின் பதினொன்று உண்டு, மற்ற மூன்று வாத்தியங்களிலும் ஒவ்வொருவர் குறைவு. ஸ்ட்ராஸ் அதை 1945 ஏப்ரல் 12 அன்று முடித்தார். குண்டில் இடிந்த மியூனிக் ஆப்பெரா அரங்கு அவர் துக்கத்தில் பெரிய பங்கு. அதிலிருந்து பதினைந்தே நாளில், ஏப்ரல் 27 அன்று, டாக்காவ் கைதிகளை நடத்திக்கொண்டு போன முடிவில்லாத வரிசையை ஹார்ட்மன் கண்ணால் பார்த்தார். அந்தத் தேதியையே தலைப்பாக வைத்து ஒரு பியானோ சொனாட்டா எழுதினார். ஒரே வட்டாரம், ஒரே மாதம், இரண்டு துக்கங்கள். இரண்டையும் ஒரே மாலையில் வைத்தால் கேட்பவர் தானே ஒப்பிட்டுக்கொள்வார். குறிப்பில் நீங்கள் தீர்ப்பு எழுத வேண்டாம். ஷொஸ்டகோவிச்சின் எட்டாவது குவார்ட்டெட்டை (நான்கு தந்தி வாத்தியங்களுக்கானது) கண்டக்டர் பர்ஷாய் தந்திக் குழுவுக்காக விரித்தெழுதிய சேம்பர் சிம்பொனியையும் அதே மாலையில் திணிக்காதீர்கள். மூன்று இருட்டு அடுத்தடுத்து வந்தால் மூன்றாவது கேட்காது.

பதிவுகளில் முதலில் ஆந்த்ரே கெர்ட்லர் வாசித்து, கரெல் அன்செர்ல் செக் பில்ஹார்மோனிக்கை நடத்தியது. ஒலித்தரம் பழையதுதான், ஆனால் ஹூஸைட் பாட்டு அந்தக் குழுவுக்குத் தாய்ப்பாலோடு வந்தது. அன்செர்ல் தெரேசியன்ஸ்டாட், ஆஷ்விட்ஸ் நாஜி முகாம்களிலிருந்து உயிரோடு மீண்டவர். இளைப்பாறும் இடங்கள் எப்படி இருக்க வேண்டும் என்று கேட்க இசபெல் ஃபவுஸ்ட்டும் மியூனிக் சேம்பர் ஆர்கெஸ்ட்ராவும் வாசித்தது. வில் துள்ளாத அலெக்ரோவுக்கு அலினா இப்ராகிமோவா. பத்ரிஷியா கோபச்சின்ஸ்கயாவின் பதிவைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். அழகான ஒலி வேண்டும் என்ற எண்ணத்தையே கழற்றிவைத்துவிட்டு வாசித்திருக்கிறார், மற்றவற்றைக் கேட்டுப் பழகாத காதுக்கு அது முரடாகத்தான் படும்.