நாலு இருக்குல்ல, போயிடும்ல?

"நாலு இருக்குல்லண்ணே, மதுரை வரைக்கும் போயிடும்ல?"

"போயிடும். மெதுவா போங்க."

சக்கரத்தில் ஐந்து போல்ட்டுக்கு நாலுதான் மிச்சம் என்ற நிலையில் எங்கள் கடைக்கு வந்த ஒருவர் கேட்டதும், நான் சொன்னதும். பேச்சு இவ்வளவுதான். திருச்சியில் கிளம்பிய வண்டி மதுரை போய்ச் சேர்ந்து, திரும்பியும் வந்துவிட்டது. ஒரு சேதாரமும் இல்லை. ஆனாலும் அந்தப் பதிலில் முதல் பாதி சரிதானா, இரண்டாம் பாதிக்கு ஏதாவது அர்த்தம் உண்டா என்பது இன்னும் தீரவில்லை.

வண்டி போலோ கார், இடது முன் சக்கரம். இதில் ஸ்டட்டும் (ஹப்பிலிருந்து வெளியே நீட்டி நிற்கும் மரைக் கம்பி) நட்டும் கிடையாது. சக்கரம் வந்து உட்காரும் ஹப்பிலேயே மரை வெட்டியிருக்கும், வெளியிலிருந்து ஐந்து போல்ட் உள்ளே போகும். எம்14, அதாவது 14 மில்லிமீட்டர் தடிமன் போல்ட், மரை இடைவெளி 1.5 மில்லிமீட்டர். டயர் மாற்றிய இடத்தில் யாரோ போல்ட்டைக் கையால் நாலு சுற்று ஓட்டிப் பார்க்காமல் எடுத்த எடுப்பில் காற்றழுத்தத்தில் முறுக்கும் ஏர் கன்னை வைத்து அடித்திருக்கிறார்கள். கோணலாக ஏறிய போல்ட் ஹப்பின் மரையை வழித்துக்கொண்டு போய்விட்டது. ஹப் வர இரண்டு நாள் ஆகும். அவருக்கு மறுநாள் காலை மதுரையில் காரியம்.

"போயிடும்" என்று சொல்வதற்கு முன்னால் செய்த வேலையையும் சொல்லிவிட வேண்டும். சக்கரத்தைக் கழற்றி, மிச்சமிருந்த நாலு போல்ட்டின் மரையையும் ஹப்பின் நாலு துளையையும் பார்த்தாயிற்று. ஹப் முகத்திலும் ரிம்மின் உள்முகத்திலும் இருந்த துருவைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்தெடுத்தாயிற்று. மரையில் எண்ணெய் போடவில்லை. நாலையும் கையால் ஓட்டி, எதிரெதிராகப் பாதி இறுக்கி, வண்டியை ஜாக்கியிலிருந்து இறக்கிய பிறகு டார்க் ரெஞ்சில் 120 நியூட்டன் மீட்டர் முறுக்கு வைத்து முடித்தாயிற்று. வைத்த அளவு வந்ததும் 'டிக்' என்று சத்தம் போடும் ஸ்பேனர் அது. நாலும் 'டிக்' என்று சொன்னது. அதன் பிறகுதான் அந்தப் பதில்.

சக்கரத்தைப் போல்ட் தூக்கிப் பிடித்துக்கொண்டிருப்பதாகத்தான் பெரும்பாலானவர்கள் நினைக்கிறார்கள். அதன் வேலை ரிம்மை ஹப்போடு சேர்த்து அழுத்திப் பிடிப்பது. அந்த அழுத்தத்தில் இரண்டு முகங்களுக்கும் நடுவே வரும் உராய்வுதான் வண்டியின் பாரத்தையும் பிரேக்கையும் தாங்குகிறது. உலர்ந்த மரையில் 120 வைத்தால் ஒரு போல்ட் ஏறக்குறைய 4 டன்னுக்கு மேல் இழுத்துப் பிடிக்கும். ஐந்தும் சேர்ந்தால் 20 டன்னைத் தாண்டும், நாலு என்றால் 17 டன் சுமார். நாம் முறுக்கும் முறுக்கில் பத்தில் ஒரு பங்குதான் இந்த இழுவையாகிறது, மீதியெல்லாம் போல்ட் தலையிலும் மரையிலும் உராய்வாகவே போய்விடும். எண்ணெய் போடக் கூடாது என்பது இதனால்தான். உராய்வு குறைந்தால் அதே 120-இல் போல்ட் தாங்கும் அளவுக்கு மேல் இழுபடும்.

இந்த 4 டன் இழுவைக்குப் போல்ட் எவ்வளவு நீள்கிறது என்று கணக்குப் போட்டுப் பார்த்தால் கொஞ்சம் கிலியாகத்தான் இருக்கும். 0.05 மில்லிமீட்டர்கூட வராது. தலைமுடியின் தடிமனைவிடக் குறைவு. ரிம்முக்கும் ஹப்புக்கும் இடையில் அந்தக் கனத்தில் துருவோ, புதிதாக அடித்த பெயின்ட்டோ இருந்து, ஓடும்போது நசுங்கிப் போனால் இறுக்கம் மொத்தமும் போச்சு. போல்ட் ஒரு டிகிரிகூடத் திரும்பியிருக்காது, ஆனால் பிடி இருக்காது. சக்கரம் கழற்றி மாட்டிய பிறகு 50-லிருந்து 100 கிலோமீட்டருக்குள் ஒருமுறை மறுபடி இறுக்கிப் பார் என்று சொல்வது இதற்காகத்தான். சொன்னால் பத்துப் பேரில் ஒருவர் வந்தால் அதிசயம்.

இனி "மெதுவா போங்க". சொல்லும்போது அக்கறையாகத்தான் வந்தது. யோசிக்க யோசிக்க, அது எனக்கே சொல்லிக்கொண்ட சமாதானமாகத் தெரிகிறது. திருச்சியிலிருந்து மதுரை 135 கிலோமீட்டர் சுமார். அந்த டயருக்குக் கிலோமீட்டருக்கு 530 சுற்று. மொத்தம் 70,000 சுற்றுக்கு மேல். ஒவ்வொரு சுற்றிலும் ஒவ்வொரு போல்ட்டும் ஒருமுறை பாரம் ஏறி இறங்குகிறது. 40-இல் போனாலும் 100-இல் போனாலும் இந்த எண்ணிக்கை மாறவே மாறாது. வேகத்தைக் குறைத்தால் குறைவது பள்ளத்தில் விழும் அடியும், வளைவில் பக்கவாட்டில் தள்ளும் விசையும்தான். அது சின்ன விஷயமில்லை. இரும்பைச் சோர்வடையச் செய்வதே அந்தப் பெரிய அடிகள்தான். அப்படியானால் பதிலில் பாதி உண்மை இருக்கிறது. ஆனால் கேட்டவர் காதில் அது எப்படி விழுந்திருக்கும்? மெதுவாகப் போனால் நாலு போல்ட்டே ஐந்துக்குச் சமம் என்றுதானே.

அவர் நாலாம் நாள் வந்தார். ரெஞ்ச்சை வைத்துப் பார்த்தால் நாலும் அதே 120-இல் நின்றது. ஹப்பை மாற்றி அனுப்பியாயிற்று. அத்தோடு முடிந்திருந்தால் அது நல்ல வேலை என்று மறந்துபோயிருக்கும்.

மூன்று வாரம் கழித்து அவருடைய மச்சான் வந்தார். பழைய ஸ்விஃப்ட், பின்பக்கம் வலது சக்கரம். நாலு நட்டு வண்டி, மூன்றுதான் இருந்தது. நாலாவது இடத்தில் ஸ்டட்டே உடைந்திருந்தது. அவர் அதற்காக வரவில்லை, ஏசி கூலிங் பத்தவில்லை என்று வந்திருந்தார். காட்டியதும் சொன்னார்: "ஒண்ணு குறைஞ்சா பரவாயில்லன்னு மாமாகிட்ட நீங்கதான சொன்னீங்க?"

ரெஞ்ச்சு, 120, கம்பி பிரஷ், துளை பார்த்தது எதுவும் அந்த வாக்கியத்தோடு கூடப் போகவில்லை. "கடையில கேட்டேன், ஒண்ணு இல்லாட்டியும் ஓடும்" என்பது மட்டும் வீடு வீடாகப் போயிருக்கிறது.

"அவருக்கு ஒண்ணு குறைச்சலா விட்டீங்க. எனக்கும் ஒண்ணுதானே குறைச்சல்?"

இந்தக் கேள்விக்கு உடனே பதில் வரவில்லை. விழுக்காட்டில் பார்த்தால் ஐந்தில் ஒன்று போனால் 20, நாலில் ஒன்று போனால் 25. பெரிய வித்தியாசம் இல்லை. வித்தியாசம் இருக்கும் இடம் வேறு. ஐந்து போல்ட் 72 டிகிரிக்கு ஒன்றாக நிற்கின்றன. ஒன்று போனால் விழும் இடைவெளி 144 டிகிரி. அரை வட்டத்துக்குக் குறைவு. அதாவது ஹப்பின் மையத்தில் எந்தத் திசையில் கோடு போட்டாலும் இரண்டு பக்கமும் ஒரு போல்ட்டாவது பிடித்துக்கொண்டிருக்கும். நாலில் ஒன்று போனால் இடைவெளி 180. பாதி வட்டம் அப்படியே அநாதை. எதிரெதிரே இருக்கும் இரண்டு நட்டும் மையக் கோட்டின் மேலேயே நிற்கின்றன, மூன்றாவது ஒரு பக்கம், மறு பக்கத்தில் யாரும் இல்லை. ரிம் அந்தப் பக்கம் வாய் திறக்கப் பார்க்கும் ஒவ்வொரு முறையும் பக்கத்து இரண்டு ஸ்டட்டும் வளைபடும்.

இரண்டாவது வித்தியாசம் காரணம். போலோவில் ஒன்று ஏன் இல்லை என்பது தெரியும்: கன்னால் மரை வழிந்தது. மற்ற நாலுக்கும் அதனால் கேடு இல்லை என்று பார்க்கவும் முடிந்தது. ஸ்விஃப்டில் ஸ்டட் உடைந்திருந்தது. உடைந்த முகத்தைப் பார்த்தால் முக்கால்வாசி வழவழப்பாக, அலை ஒதுக்கிய மணல்போல வரிவரியாக இருந்தது. ஓரத்தில் கொஞ்சம் மட்டும் சொரசொரப்பு. ஒரே அடியில் ஒடிந்தது அல்ல. பல நாளாகக் கொஞ்சம் கொஞ்சமாக விரிசல் ஓடி, கடைசி மிச்சம் ஒருநாள் விட்டிருக்கிறது. அதே சக்கரத்தில் அதே சுற்று சுற்றிய மற்ற மூன்றும் எந்த நிலையில் இருக்கும் என்று வெளியிலிருந்து தெரியாது. லாரிகளில் ஒரு ஸ்டட் உடைந்தால் அதற்கு இரண்டு பக்கத்து ஸ்டட்டையும் சேர்த்து மாற்றச் சொல்வதும், இரண்டு உடைந்தால் அத்தனையும் மாற்றச் சொல்வதும் இதனால்தான். பத்து ஸ்டட் இருக்கும் லாரிக்கே அந்தக் கணக்கு.

ஏன் விரிசல் விட்டது என்பதையும் அவரே சொல்லிவிட்டார். நட்டு இறுக்கும்போது ஸ்பேனர் மேல் ஏறி நிற்பாராம். இந்த மாடலுக்கு 85 நியூட்டன் மீட்டர் போதும். 25 சென்டிமீட்டர் நீள ஸ்பேனர் நுனியில் 35 கிலோ அழுத்தினால் வந்துவிடும். 70 கிலோ ஆள் 30 சென்டிமீட்டர் நுனியில் ஏறி நின்றால் 200-ஐத் தாண்டும். ஸ்டட் ரப்பர் மாதிரி இழுபட்டுத் திரும்பி வர வேண்டியது. அந்த எல்லையைக் கடந்தால் நீண்டது நீண்டதுதான். அப்புறம் பிடி தளரும், தளர்ந்ததும் ரிம் ஆடும், ஆட்டத்தில் ஸ்டட் வளைந்து வளைந்து விரிசல் விடும். அதிகமாக இறுக்கியதால்தான் தளர்ந்தது என்றால் யாரும் நம்புவதில்லை.

ரிம்மைக் கழற்றியபோது ஒரு துளை முட்டை வடிவத்துக்கு வந்திருந்தது. துளையைச் சுற்றிப் பளபளவென்று ஒரு வளையம், அதிலிருந்து வெளிப்பக்கம் செங்காவிக் கோடு. ஓடிக்கொண்டிருக்கும் வண்டியில் தளர்வைக் கண்டுபிடிக்க இந்தக் கோடுதான் முதல் சாட்சி. 20, 30 வேகத்தில் சக்கரச் சுற்றுக்கு ஒத்தாற்போல் டொக் டொக் சத்தம் வந்திருக்க வேண்டும். பிரேக் மிதித்தாலோ வளைத்தாலோ சத்தம் மாறும், வேகம் கூடினால் மறைந்துகூடப் போகலாம். "ஆமா, கொஞ்ச நாளா வந்துச்சு, ஷாக் அப்சார்பர்னு நெனச்சேன்" என்றார். முன்சக்கரமாக இருந்தால் ஸ்டீயரிங் உதறும், பேலன்சிங் என்று நினைப்பார்கள். நட்டு கழன்றவன் என்று மனுஷனைச் சொல்ல நமக்குத் தெரிகிறது, சக்கரத்தைச் சொல்லத் தெரியவில்லை.

இவ்வளவையும் சொன்ன பிறகு அவர் கேட்டதுதான் இன்னும் குடைகிறது. "வழியில ஒரு வீல்ல எல்லா நட்டும் போயிட்டா, மத்த மூணு வீல்லயும் ஒண்ணொண்ணு கழட்டிப் போட்டு வான்னு நீங்கதான சொல்லுவீங்க? அப்ப நாலு வீல்லயும் மூணு மூணுதானே?"

சரியான கேள்வி. அந்த உபாயம் எல்லோருக்கும் தெரியும், எங்கள் வாயிலிருந்தே போனது. அது பக்கத்துக் கடை வரைக்கும் ஊர்ந்து வருவதற்கு, ஸ்டட் எல்லாம் நன்றாக இருக்கும்போது செய்வது என்று சொன்னேன். பக்கத்துக் கடை இதுதான், இங்கே வந்தாகிவிட்டது என்றும் சொன்னேன். பதில் சரிதான். ஆனால் 180 டிகிரி கணக்கும் காரணம் தெரிந்தது, தெரியாதது என்ற வித்தியாசமும் போலோக்காரருக்குப் பதில் சொன்ன நேரத்தில் மனதில் இருந்ததா? இல்லை. அன்று இருந்தது ரெஞ்ச்சின் நாலு 'டிக்' சத்தமும், காரியத்துக்குப் போக வேண்டியவரின் முகமும்தான். காரணமெல்லாம் மச்சான் கேட்ட பிறகு தேடிச் சேர்த்தது. சேர்த்த காரணம் உண்மையாக இருப்பதால் அன்றைய பதில் நியாயமாகிவிடுமா என்பதில் எனக்கு இரண்டு மனசு. போகக் கூடாது என்று சொல்லியிருந்தால் அவர் அதே வண்டியில், டார்க் வைக்காத போல்ட்டோடு போயிருப்பார். இப்படியும் தோன்றுகிறது.

போகக் கூடாது என்பதற்குக் காரணமும் இல்லாமலில்லை. 80 வேகத்தில் கழன்ற சக்கரம் 25 மீட்டர் உயரத்திலிருந்து விழுவதற்குச் சமமான அடியோடு போகும், உருளும் விசை தனி. வண்டி தரையில் உரசி வேகம் குறையும்போது சக்கரம் முந்திக்கொண்டு ஓடும். எதிரே யார் வருகிறார்கள் என்று அதற்குத் தெரியாது. முன்சக்கரமாக இருந்து பிரேக் ஆயில் போகும் ஹோஸும் அறுந்தால் பெடல் வழக்கத்தைவிட ஆழமாக இறங்கும், பிரேக் பிடியும் பெருமளவு குறைந்துவிடும்.

மச்சானின் வண்டிக்கு நாலு ஸ்டட்டும், முட்டைத் துளை விழுந்த அந்த ரிம்மும் மாற்றச் சொன்னேன். ரிம்முக்கு ஸ்டெப்னி இருக்கிறது என்று ஒத்துக்கொண்டார். ஸ்டட் மட்டும் உடைந்த ஒன்றுதான் என்றார். மற்றது நல்லாத்தானே இருக்கு என்றார். டிரம்மைக் கழற்றி, பழைய மிச்சத்தைத் தட்டியெடுத்து, புதிய ஸ்டட்டைப் பின்னாலிருந்து விட்டு, வாஷர் அடுக்கி நட்டால் இழுத்து உட்கார வைக்க அரைமணி நேரம். பிறகு 85 வைத்து இறுக்கும்போது பழைய மூன்றில் ஒன்று 'டிக்' சொல்லவே இல்லை. நட்டு திரும்பிக்கொண்டே இருந்தது. அதைக் கண்ணால் பார்த்த பிறகு அதையும் மாற்றச் சம்மதித்தார். மீதி இரண்டும் 'டிக்' என்றன. 'டிக்' சொன்னதை மாற்றச் சொல்ல என் பக்கம் அதற்குமேல் வாதம் இல்லை. ரெஞ்ச்சுக்கு விரிசல் தெரியாது.

50 கிலோமீட்டர் ஓட்டிவிட்டு வந்து ஒருமுறை காட்டச் சொன்னேன். தலையாட்டினார். வண்டியைப் பின்னால் எடுத்தவர் கண்ணாடியை இறக்கினார்.

"இப்ப நாலும் இருக்கு. போயிடும்லண்ணே?"