ரோமர்–கலாத்தியர் தாள்: 34லிருந்து 67

போன வியாழக்கிழமை ரிசல்ட் வந்தது. பவுல் எழுதிய ரோமர், கலாத்தியர் நிருபங்களைப் பற்றிய தாளில் 67. போன வருடம் இதே தாளில் 34. நடுவில் நான் புத்திசாலி ஆகிவிடவில்லை. ஒரே ஒரு தப்பைத் திருத்திக்கொண்டேன், அவ்வளவுதான். தபால்வழி இறையியல் படிக்கிறவர்களில் இந்தத் தாளை அலட்சியமாக எடுத்துக்கொள்கிறவர்கள் நிறைய. அவர்களுக்காக, சூடு ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன்.

நான் ஒரு ஜவுளிக்கடையில் பில் போடுகிறவள். பதினான்கு வருடமாக ஞாயிறு பள்ளி ஆசிரியை. இந்த இரண்டாவது தகுதிதான் என்னைக் கவிழ்த்தது. ‘விசுவாசத்தினாலே நீதிமானாக்கப்படுதல்’ எனக்குத் தெரியாத பாடமா என்று நினைத்து, மற்ற தாள்களுக்குப் படித்ததில் பாதிகூட இதற்குப் படிக்கவில்லை.

போன வருடம் வந்த 20 மார்க் கேள்வி இன்னும் அப்படியே நினைவிருக்கிறது: ‘கலாத்தியர் 2:16ஐ அதன் சூழலில் விளக்குக.’ நியாயப்பிரமாணத்தின், அதாவது மோசே வழி வந்த சட்டத்தின், கிரியைகளால் அல்ல, கிறிஸ்துவை விசுவாசிப்பதால்தான் மனிதன் நீதிமானாக்கப்படுகிறான் என்கிற வசனம் அது. ஆறு பக்கம் எழுதினேன். ஆபகூக் 2:4, எபேசியர் 2:8, சீர்திருத்தத்தைத் தொடங்கிய லூத்தர், போதாததற்கு எங்கள் அப்பா மனந்திரும்பிய கதையும். ‘சூழலில்’ என்ற சொல் கண்ணிலேயே படவில்லை. ரிசல்ட்டுக்குப் பிறகு தொடர்பு வகுப்பில் ஆசிரியர், என்ன எழுதினேன் என்று சொல்லச் சொன்னார். பொறுமையாகக் கேட்டார். “நல்ல பிரசங்கம்மா. அந்தியோகியா எங்கே?” என்றார். எங்கள் சபை ஐயர் (போதகர்) தன் பங்குக்கு, “கிருபை மார்க் ஒண்ணும் போடலியா?” என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

சரி, அந்தியோகியா. இந்தத் தாளில் எந்தக் கேள்வி வந்தாலும் அந்த ஊரில் நடந்த சாப்பாட்டுப் பந்தியிலிருந்து ஆரம்பியுங்கள். வேறு எதை மறந்தாலும் இதை மறக்காதீர்கள்.

பேதுரு அந்தியோகியாவில் புறஜாதியாரோடு, அதாவது யூதரல்லாத விசுவாசிகளோடு, உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். எருசலேம் சபைத் தலைவர் யாக்கோபிடமிருந்து சிலர் வந்ததும் மெல்ல விலகிக்கொண்டார். மற்ற யூத விசுவாசிகளும் அவரோடு சேர்ந்துகொள்ள, பர்னபாகூட அந்தப் பக்கம் போய்விட்டார். பவுல் எல்லார் முன்னிலையிலும் முகமுகமாய் எதிர்த்தார். 11 முதல் 14 வரை இந்தச் சண்டை. 16ஆம் வசனம் அந்தச் சூட்டோடு வருகிறது. தனியே உட்கார்ந்து ‘நான் எப்படி இரட்சிக்கப்படுவேன்’ என்று கலங்குகிற மனிதனின் கேள்வி அல்ல அங்கே இருப்பது. புறஜாதியான் ஒருவன் விருத்தசேதனம் செய்யாமல், யூத உணவு முறைக்கு மாறாமல், அதே பந்தியில் உட்காரலாமா என்பதுதான் கேள்வி. ஒருவன் பந்தியிலிருந்து எழுந்துபோனால் என்ன அர்த்தம் என்று நம் ஊர்க்காரர்களுக்கு விளக்கவுரை தேவையில்லை. ஆனாலும் பதினான்கு வருடம் பிள்ளைகளுக்கு 16ஐ மனப்பாடம் செய்யவைத்த நான், 12ஐ ஒருநாளும் வாசிக்கவைத்ததில்லை.

இதிலேயே இன்னொரு கண்ணி. ‘யூதர்கள் நற்கிரியை செய்து இரட்சிப்பைச் சம்பாதிக்கப் பார்த்தார்கள்’ என்று பழைய நோட்ஸில் இருக்கும். அதை அப்படியே எழுதினால் மார்க் போகும். 1977இல் ஈ.பி. சாண்டர்ஸ் என்ற வேத அறிஞர் அந்தப் படத்தையே புரட்டிப்போட்டார். யூதன் உடன்படிக்கைக்குள் வருவது தேவனுடைய தெரிந்துகொள்ளுதலால்; நியாயப்பிரமாணத்தைக் கைக்கொள்வது உள்ளே நிலைத்திருப்பதற்கு என்றார். அதன்மேல் கட்டியவர் ஜேம்ஸ் டன். ‘நியாயப்பிரமாணத்தின் கிரியைகள்’ என்று பவுல் சொல்லும்போது முக்கியமாக விருத்தசேதனம், உணவு, ஓய்வுநாள் போன்ற அடையாளங்களைத்தான் குறிவைக்கிறார் என்பது அவர் வாதம். இந்தப் பார்வைக்குப் ‘புதிய நோக்கு’ என்று பெயர் வந்தது 1982இல் அவர் ஆற்றிய உரையிலிருந்து.

நான் முழுக்க டன் பக்கம் இல்லை. கலாத்தியர் 2க்கு அவர் பொருந்துகிறார், ரோமர் 4க்கு வந்தால் இடிக்கிறது. 4ஆம் வசனத்தைப் பாருங்கள்: கிரியை செய்கிறவனுக்கு வருகிற கூலி கிருபையென்று எண்ணப்படாமல் கடனென்று எண்ணப்படும். இது கல்லாப்பெட்டிப் பேச்சு. மாதம் முதல் தேதி முதலாளி எனக்குச் சம்பளம் தரும்போது அது தயவு இல்லை, அவர் பட்ட கடன். அதற்கு நேர் எதிரில் பவுல் வைப்பது, உழைக்காதவன் பெயரில் வரவு வைப்பதை. இங்கே பேச்சு உணவையும் ஓய்வுநாளையும் தாண்டிப் போய்விடுகிறது. ‘எண்ணப்பட்டது’ என்பதற்கான கிரேக்க வினைச்சொல் அந்த ஓர் அதிகாரத்தில் மட்டும் 11 முறை வருகிறது. கணக்கு எழுதுகிறவர்கள் புழங்கிய சொல் அது. ஒரு மத்தியானம் வியாபாரம் மந்தமாக இருந்தபோது, பில் ரோலின் பின்பக்கத்தில் 11 வசனங்களையும் எழுதி எண்ணிப்பார்த்தேன். பரீட்சையில் இரண்டு நோக்கையும் எழுதிவிட்டு, நீங்கள் எந்தப் பக்கம் என்று ஒரு வரி சொல்லுங்கள். நழுவினால் தாள் திருத்துகிறவர்களுக்குப் பிடிக்காது போலிருக்கிறது.

ஆபிரகாமுக்குக் கதை எழுதவேண்டாம். ஒரு காலக்கோடு போடுங்கள். ஆதியாகமம் 15:6இல் விசுவாசித்தான், நீதியாக எண்ணப்பட்டது. 86 வயதில் இஸ்மவேல். விருத்தசேதனம் 17ஆம் அதிகாரத்தில், 99 வயதில். ஆக இரண்டுக்கும் நடுவே குறைந்தது 13 வருடம். நியாயப்பிரமாணமோ கலாத்தியர் 3:17 கணக்குப்படி 430 வருடம் கழித்து. பவுலின் வாதமே ‘எது முன்னே, எது பின்னே’ என்பதுதான். கோடு போட்டது அரை நிமிடம், எழுதியிருந்தால் ஒரு பக்கம்.

இனி துண்டு துண்டாக:

- லூத்தர் 1522இல் ரோமர் 3:28ஐ ஜெர்மனில் பெயர்த்தபோது ‘மட்டும்’ என்று சேர்த்தார். கிரேக்கத்தில் அந்தச் சொல் இல்லை. நம் பழைய திருப்புதல் வேதாகமத்திலும் ‘விசுவாசத்தினாலேயே’ என்று ஓர் ஏகாரம் உட்கார்ந்திருக்கிறது, கவனித்தீர்களா?
- ‘விசுவாசத்தினால் மட்டும்’ என்று வேதத்தில் நேராக வரும் இடம் யாக்கோபு 2:24. அங்கேயும் ‘மட்டும் அல்ல’ என்று மறுப்பதற்குத்தான். இதை எழுதாமல் யாக்கோபைத் தொடாதீர்கள்.
- நீதிமானாக்கப்படுதல் பற்றி, கத்தோலிக்கரின் திரெந்து சங்கத்தின் தீர்மானம் 1547.
- அதே பொருளில் ஆக்ஸ்பர்க்கில் லூத்தரன்–கத்தோலிக்கக் கூட்டறிக்கை 31 அக்டோபர் 1999. மெதடிஸ்ட்டுகள் 2006இல், சீர்திருத்த சபைகள் 2017இல் சேர்ந்தார்கள். சண்டை தீர்ந்தது என்று எழுதாதீர்கள். அடிப்படை உண்மைகளில் ஒத்த கருத்து என்று எழுதினால் போதும்.

எங்கள் வகுப்பில் ஒரு கத்தோலிக்கக் கன்னியர் இருக்கிறார். அவர் கையில் அவர்கள் வாசிக்கிற திருவிவிலியம், என் கையில் பழைய திருப்புதல். ஒருநாள் ரோமர் 3ஐப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். என்னுடையதில் ‘நீதிமானாக்கப்படுகிறான்’, அவருடையதில் ‘ஏற்புடையவர்’. அப்புறம்தான் வேடிக்கை புரிந்தது. லூத்தர் வழி வந்தவர்கள், இது நீதிமன்றத்தில் ‘நீதிமான்’ என்று தீர்ப்புச் சொல்வது என்பார்கள். திரெந்து, அது உள்ளத்தையும் புதுப்பித்து நீதிமானாகவே ஆக்குவது என்றது. ஆனால் தமிழில் ‘ஆக்கப்படுதல்’ எங்கள் வேதத்தில் இருக்கிறது, ஏற்றுக்கொள்ளப்படுகிற வாடை அவர்கள் வேதத்தில். சொல் இடம் மாறி உட்கார்ந்திருக்கிறது. “சிஸ்டர், புத்தகத்தை மாத்திக்குவமா?” என்றேன். இந்த ஒரு பத்தியை இந்த முறை மொழிபெயர்ப்பு பற்றிய கேள்வியில் எழுதினேன். வழிகாட்டி நூலில் கிடையாது, எங்கள் சொந்தச் சரக்கு.

நான் படித்த விதம் எல்லாருக்கும் சரிவராது. கும்பலாகப் படித்தால் எனக்கு ஊர்க்கதைதான் ஏறும். விடிகாலை நாலரைக்கு எழுந்து, கிழித்த நாள்காட்டித் தாளின் பின்பக்கத்தில் ஒரு கேள்விக்கு ஒரு தாள், அதற்கு மேல் எழுத இடமே கிடையாது. முதல் வரியில் ‘யார் யாரோடு சாப்பிட்டார்கள்’. மனப்பாடம் நன்றாக வருகிறவர்கள் என் பேச்சைக் கேட்கவேண்டாம், அவர்களுக்கு வேறு வழி இருக்கும். பிரசங்கம் பண்ணிப் பழகினவர்கள் மட்டும் கட்டாயம் கேளுங்கள். நம் கை தானாகவே ஜெபத்தோடு பதிலை முடிக்கப் பார்க்கும்.

ரிசல்ட் வந்ததற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை, முதல் முறையாகப் பிள்ளைகளுக்கு 11ஆம் வசனத்திலிருந்து ஆரம்பித்தேன். ஐந்தாம் வகுப்புப் பையன் ஒருவன் கை தூக்கினான். “டீச்சர், பேதுரு திரும்பி வந்து அவங்ககூட உட்கார்ந்து சாப்பிட்டாரா?”

கலாத்தியரில் அதற்குப் பதில் இல்லை. பரீட்சையில் கேட்கவும் மாட்டார்கள்.