யின் யோகா பயிற்றுநர் பரீட்சை: இரண்டாம் தடவையில் சித்தியடைந்தவளின் குறிப்புகள்

கடந்த வியாழக்கிழமை பெறுபேறு கைக்குக் கிடைத்தது. ஒவ்வொரு நிலையிலும் சில நிமிடம் அசையாமல் இருக்கும் யின் யோகாவுக்கான 50 மணித்தியாலப் பயிற்றுநர் பாடநெறியின் செயன்முறைப் பரீட்சையில் இரண்டாம் தடவை சித்தியடைந்திருக்கிறேன். எழுத்துப் பரீட்சையில் முதல் தடவையே தேறியிருந்தேன். செயன்முறையில் தோற்றதற்குக் காரணம், நாலைந்து விநாடிகளுக்குள் நான் செய்து முடித்த ஒரே ஒரு காரியம். அதைச் சொல்வதற்கென்றே எழுத உட்கார்ந்திருப்பதால், மற்றவற்றைவிட அதற்கே இங்கே அதிக இடம் போகும். இலங்கை மலையகத்தின் ஹட்டன், தலவாக்கலை, நுவரெலியாப் பக்கங்களிலிருந்து அடுத்த அணியில் சேர்ந்திருப்பவர்களுக்குப் பரீட்சையின் அமைப்பு தெரியும் என்பதால் அதை விளக்கப் போவதில்லை.

முதல் தடவை நான் கற்பித்துக் காட்டுவதற்கு மாணவராக அமர்ந்தவர் ஐம்பது வயதைத் தாண்டிய ஒரு சக பயிலுநர். வண்ணத்துப்பூச்சி நிலையில் அமரச் சொன்னேன். உள்ளங்கால்கள் ஒன்றோடொன்று சேர்ந்தன. ஆனால் முழங்கால்கள் இரண்டும் ஏறக்குறைய அவருடைய மார்பு உயரத்தில் நின்றன. கையேட்டுப் படத்தில் இருந்த பெண்ணின் முழங்கால்களோ தரையில் படிந்திருந்தன. நான் பதினைந்து வருடங்களாகப் பாடசாலையில் கற்பிப்பவள். கொப்பியில் எழுத்து கோட்டைவிட்டு மேலே போனால் பிள்ளையின் கையைப் பிடித்து எழுதவைத்துப் பழகியவள். அந்தப் பழக்கத்தில் அவருக்குப் பின்னால் மண்டியிட்டு, இரண்டு கைகளையும் அவருடைய முழங்கால்களில் வைத்து மெதுவாகக் கீழே அழுத்தினேன். அவர் எதுவும் சொல்லவில்லை. மூச்சை மட்டும் பிடித்துக்கொண்டார். பரீட்சகர் பேனாவை எடுப்பதைக் கண்டேன்.

வாய்மொழிக் கேள்வி நேரத்தில் பரீட்சகர் கேட்டது ஒன்றுதான்: “அவருக்கு உடம்பில் எங்கே பிடிக்கிறது என்று கேட்டீர்களா?” இல்லை என்றேன். “அப்படியென்றால் எதை நம்பி அழுத்தினீர்கள்?” படத்தை நம்பி என்று சொல்ல வாய் வரவில்லை.

இந்த ஒரு கேள்விக்குள் பாதிப் பாடநெறி அடங்கியிருக்கிறது என்பதை நான் வீட்டுக்கு வந்த பிறகே விளங்கிக்கொண்டேன். ஓர் அசைவு ஓரிடத்தில் நிற்பதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. ஒன்று இழுவிசை: அசைவுக்கு எதிர்ப்புறத்தில் உள்ள தசையும், உடலின் பகுதிகளை இணைத்துப் பிடிக்கும் தொடுப்பிழையமும் இழுபட்டு, இதற்கு மேல் விடமாட்டேன் என்று தடுப்பது. வண்ணத்துப்பூச்சியில் தொடையின் உட்புறத்தில் மந்தமான இழுவை தெரிந்தால் அது இந்த வகை. மாதக்கணக்கான பயிற்சியில் அது மாறக்கூடும். மற்றது அமுக்கம்: என்பும் என்பும், அல்லது சதையும் சதையும் முட்டிக்கொண்டு நிற்பது. இடுப்பின் வெளிப்புறத்திலோ தொடையிடுக்கின் முன்பக்கத்திலோ கிள்ளுவது போலத் தெரிந்தால் அது முட்டல். தொடை என்பின் கழுத்துப் பகுதி எந்தக் கோணத்தில் அமைந்திருக்கிறது, இடுப்புக்குழி எந்தப் பக்கம் பார்க்கிறது, எவ்வளவு ஆழம் என்பவை ஆளுக்கு ஆள் வேறுபடுகின்றன. என்பு முட்டி நிற்கும் இடத்தில் பத்து வருடம் அமர்ந்திருந்தாலும் முழங்கால் இறங்காது; அங்கே அழுத்தினால் நோவுதான் மிஞ்சும். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இரண்டும் ஒரே உருவமாகவே தெரியும் என்பதால், கேட்பதைத் தவிர வேறு வழியில்லை.

ஆகவே நான் தரும் அறிவுரைகளில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வதானால் இதை எடுத்துக்கொள்ளுங்கள்: “எங்கே பிடிக்கிறது?” என்று ஒவ்வொரு நிலையிலும், ஒவ்வொரு பக்கத்திலும், அரை நிமிடத்துக்குள் கேளுங்கள். “சரியாக இருக்கிறதா?” என்று கேட்காதீர்கள். நம் ஊரில் அந்தக் கேள்விக்கு எல்லோரும் மரியாதைக்காக ஆம் என்றே சொல்வார்கள்.

இரண்டாம் தடவைக்கு நான் அம்மாவை வைத்துப் பயிற்சி செய்தேன். அம்மா முப்பத்திரண்டு வருடம் கொழுந்து பறித்தவர். கூடைக் கயிற்றைத் தலையில் மாட்டிச் சரிவில் ஏறி இறங்கிய உடம்பு. குந்தி உட்காரச் சொன்னால் குதிகால் இரண்டும் தரையில் அழுந்தியிருக்க, நிறுவைக்குக் காத்திருந்த காலத்தைப் போலப் பத்து நிமிடம் கதை சொல்லிக்கொண்டு அப்படியே இருப்பார். எங்கள் வகுப்பில் இளவயதினர் பாதிப் பேருக்குக் கூட அது முடியவில்லை. அதே அம்மாவை வண்ணத்துப்பூச்சியில் உட்காரவைத்தால் முழங்கால்கள் அந்தப் பரீட்சை மாணவருடையதைப் போலவே உயர்ந்து நிற்கும். சேடல் நிலைக்காக மண்டியிட்டுப் பின்னால் சாயத் தொடங்கிய அரை நிமிடத்துக்குள், “தொடையில ஒண்ணும் இல்ல புள்ள, முட்டிக்குள்ளதான் குத்துது” என்றார். தொடையின் முன்புறம் இழுபட வேண்டிய நிலையில் முழங்கால் மூட்டுக்குள் குத்தினால் அங்கே தொடரக் கூடாது. அதை அன்றே கைவிட்டு, ஒருக்களித்துப் படுத்து ஒரு காலை மட்டும் பின்னால் மடிக்கும் முறைக்கு மாற்றினேன். இழுவை தொடைக்கு வந்தது. உருவம் வேறு, இலக்குப் பகுதி ஒன்று. பாடநெறியில் இதை மூன்று வாரம் கற்பித்தார்கள். எனக்கு விளங்கியது எங்கள் வீட்டுச் சீமெந்துத் தரையில்.

அம்மாவின் கழுத்து விடயத்தில் நான் எந்தத் துணிச்சலும் காட்டவில்லை. கழுத்தில் பாரம் ஏறும் நத்தை நிலையை அவருக்கு முழுவதும் தவிர்த்துவிட்டேன். குப்புறப் படுத்துச் செய்யும் ஸ்பிங்க்ஸ் நிலையில் முழங்கைகளை ஊன்றும்போது கீழ் முதுகில் நெருக்குவதாகச் சொன்னதால், பழைய படங்கை நான்காக மடித்து மார்புக்குக் கீழே வைத்தேன். கொழுந்துக் காலத்தில் இடுப்பில் கட்டியிருந்த அதே படங்கு. கடையில் விற்கும் உருளைத் தலையணைக்கு ஆயிரக்கணக்கில் செலவழிக்கத் தேவையில்லை. மடித்த கம்பளியும் படங்கும் போதும்.

குளிரைப் பற்றி ஒரு வார்த்தை. யின் யோகாவைத் தசைகள் சூடேறாத நேரத்தில் செய்வது நல்லது, அப்போதுதான் இழுவை தசையோடு நின்றுவிடாமல் தொடுப்பிழையத்துக்குப் போகும் என்று கையேட்டில் இருக்கும். ஏறக்குறைய 500 மீற்றர் உயரத்தில் இருக்கும் கண்டியில் பிற்பகலில் வாசித்தால் அது நியாயமாகத் தெரியும். நான் அதை அப்படியே நம்பி, தலவாக்கலையில் விடியற்காலை ஐந்து மணிக்குச் சுவெட்டர்கூட இல்லாமல் வெறும் பாயில் கால்களை நீட்டி அமர்ந்து கம்பளிப்பூச்சி நிலையில் குனிந்து, தொடையின் பின்புறத் தசைநாணை இருக்கை என்புக்கு அருகில் நோகவைத்துக்கொண்டு மூன்று வாரம் நொண்டினேன். தசை சூடேறாதிருப்பது என்பது கடும் உடற்பயிற்சி செய்துவிட்டு வராதிருப்பது. உடம்பு நடுங்கிக்கொண்டிருப்பது அன்று. நடுங்கும் உடம்பு தன்னைத்தானே இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். 1,868 மீற்றர் உயரத்தில், தை மாதத்தில் புல்லின் மேல் வெள்ளைப் பனி படியும் நுவரெலியாவில் இருப்பவர்கள் காலுறை, கம்பளித் தொப்பி, மேலே ஒரு போர்வை ஆகியவற்றுடன் பயிற்சி செய்யுங்கள். அசையாமல் ஐந்து நிமிடம் இருப்பவரின் உடல் வெப்பம் இறங்கிக்கொண்டே போகும் என்பதால், பரீட்சையிலும் மாணவருக்குப் போர்வை கொடுங்கள். அதைக் கவனிக்கிறார்கள்.

எனக்கு இன்னும் ஆறாத மனக்குறை ஒன்று உண்டு. விடைகளைத் தமிழில் எழுதலாம் என்று அனுமதித்தவர்கள் கையேட்டை ஆங்கிலத்தில் மட்டும் தந்தார்கள். கற்பித்தலைத் தமிழில் செய்தபோது ஒவ்வொரு சொல்லையும் நானே தேட வேண்டியிருந்தது. நிலையின் எல்லையை ‘விளிம்பு’ என்று சொன்னபோது அம்மா கட்டில் விளிம்பைப் பார்த்தார். பிறகு ‘முதல் தடுப்பு’ என்றேன், உடனே விளங்கியது. முதல் தடுப்பு தெரியும் இடத்தில் நில்லுங்கள், ஒரு நிமிடம் கழித்து அது தளர்ந்தால் இன்னும் கொஞ்சம் போங்கள் என்ற ஒரே வாக்கியத்தில் ஆழம் பற்றிய முழு விளக்கமும் முடிந்துவிடுகிறது. நிலையிலிருந்து வெளியே வந்து ஒரு நிமிடம் சும்மா கிடப்பதற்கு ‘அடங்கல்’ என்று பெயர் வைத்தேன். உங்களுக்கு வேறு சொல் வாய்க்கலாம். ஆனால் பரீட்சை அறைக்குள் நின்றுகொண்டு சொல் தேடாதீர்கள்.

எழுத்துப் பரீட்சைக்குச் சுருக்கமாக:

1. வரலாற்றுக் கேள்வி நிச்சயம் வரும். 1970களின் இறுதியில் அமெரிக்காவில் தாவோ யோகாவைக் கற்பித்த தற்காப்புக் கலைஞர் போலி சிங்க் (Paulie Zink), அவரிடம் கற்று உடற்கூற்றியல் நோக்கைச் சேர்த்த போல் கிரில்லி, ‘யின் யோகா’ என்ற பெயருக்குக் காரணமான சாரா பவர்ஸ், உடலில் உயிராற்றல் ஓடுவதாகச் சீன மரபு சொல்லும் நாடிப் பாதைகள் பற்றிய கருத்துகளைக் கிரில்லிக்குக் கற்பித்த ஜப்பானியரான ஹிரோஷி மொட்டோயாமா ஆகிய நால்வரையும் குழப்பாமல் எழுதுங்கள்.

2. மூன்று விதிகள்: பொருத்தமான ஆழம், அசைவின்மை, நேரம். வரிசையை மாற்ற வேண்டாம்.

3. கால்களின் நாடிப் பாதைகள்: முன்புறம் இரைப்பை, வெளிப்பக்கம் பித்தப்பை, பின்புறம் சிறுநீர்ப்பை, உட்புறம் ஈரல், சிறுநீரகம், மண்ணீரல். நான் இதை அம்மாவின் காலைத் தொட்டுத் தொட்டு மனனம் செய்தேன். இவை சீன மரபின் கருத்துகள். உடலை அறுத்துப் பார்த்தால் தெரியும் குழாய்கள் அல்ல. “மரபின்படி” என்ற சொல்லைச் சேர்த்து எழுதினால் மனச்சாட்சிக்கும் புள்ளிக்கும் பழுதில்லை.

4. தவிர்க்க வேண்டியவர்களின் பட்டியலைக் காரணத்தோடு எழுதுங்கள். என்பு நலிவு உள்ளவருக்கு முதுகை ஆழமாக வளைத்துக் குனிவது ஆகாது, ஏனெனில் முள்ளெலும்பு நொறுங்கும் அபாயம் உண்டு. கண் அழுத்தம் உள்ளவருக்குத் தலைகீழ் நிலைகள் ஆகா. கர்ப்பிணிகளுக்கு வயிற்றில் அழுத்தம் கூடாது. மூட்டுகள் இயல்பிலேயே அதிகம் வளைபவர்களுக்கு ஆழமும் நேரமும் குறைய வேண்டும். சுரீரென்ற வலி, மின்சாரம் பாய்வது போன்ற உணர்வு, மரத்துப்போதல் ஆகிய மூன்றில் எது வந்தாலும் உடனே நிலையிலிருந்து வெளியே வரச் செய்ய வேண்டும்.

கூட்டாகப் படிப்பதை நான் பரிந்துரைப்பதில்லை. கலகலப்பானவர்களுக்கு அது ஒத்துவரலாம். எனக்கு நான்கு பேர் சேர்ந்தால் தலையில் எதுவும் ஏறுவதில்லை.

செயன்முறையின் 45 நிமிடத்தில் பலர் நேரக் கணக்கில் விழுகிறார்கள், ஏனெனில் இரு பக்கமும் செய்யும் நிலைகள் இரண்டு மடங்கு நேரத்தைத் தின்றுவிடும். நான் போன கணக்கு இது: தொடக்கம் 3 நிமிடம்; வண்ணத்துப்பூச்சி 4, அடங்கல் 1; ஸ்பிங்க்ஸ் 4, அடங்கல் 1; முழங்கால்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி அமரும் ஷூலேஸ் பக்கத்துக்கு 3 வீதம் 6, அடங்கல் 2; கம்பளிப்பூச்சி 4, அடங்கல் 1; படுத்துச் செய்யும் முறுக்கல் பக்கத்துக்கு 3 வீதம் 6; சவாசனம் 6. இவ்வளவும் 38. மீதி ஏழு நிமிடம் நிலை மாற்றுவதற்கும் தலையணை தேடுவதற்கும் போய்விடும். கடைசி நேரத்தில், ஒரு காலை முன்னே மடித்து மறுகாலைப் பின்னே நீட்டும் டிராகன் நிலையையும் சேர்க்கலாமா என்ற ஆசை வரும், சேர்க்காதீர்கள்.

அலாரத்தை நம்பாதீர்கள். முதல் தடவை என்னுடைய தொலைபேசி, சவாசனத்தின் நடுவில் பாடசாலை மணியைப் போல அலறியது. இரண்டாம் தடவை முள் தெரியும் மேசைக் கடிகாரம் ஒன்றைக் கொண்டுபோனேன்.

அன்று எனக்கு மாணவியாக வந்தவர் இருபத்து மூன்று வயதுப் பெண். வண்ணத்துப்பூச்சியில் அமர்ந்தவுடன் அவருடைய முழங்கால்கள் படத்தில் இருப்பது போலவே தரையைத் தொட்டன. எங்கே பிடிக்கிறது என்று கேட்டேன். “ஒரு இடத்திலயும் ஒண்ணுமில்ல டீச்சர்” என்றார். இப்படி ஒரு பதிலுக்கு நான் ஆயத்தமாகவே இல்லை. அம்மாவோடு பயிற்சி செய்த மூன்று மாதத்தில் எங்கேயும் ஒன்றுமில்லை என்ற சொல்லை நான் கேட்டதே கிடையாது. ஒரு கணம் தடுமாறி, பாதங்களை உடம்பிலிருந்து ஒரு முழம் தள்ளி வைக்கச் சொல்லி, முதுகைத் தளர்த்தி முன்னால் குனியச் சொல்லி, மறுபடி கேட்டேன். முதுகின் கீழ்ப்பக்கம் மெல்ல இழுப்பதாகச் சொன்னார். அங்கேயே இருக்கச் சொல்லிவிட்டு நான் பின்னால் நகர்ந்து கைகளை மடியில் வைத்துக்கொண்டேன். பரீட்சகர் அந்த நான்கு நிமிடமும் பேனாவைத் தொடவில்லை.

நூற்றுக்கு 68 கிடைத்தது. குறைத்த புள்ளிகளில் பெரும்பங்கு, தொடக்க மூன்று நிமிடத்தை நான் பேசிப் பேசி ஐந்தரை நிமிடமாக இழுத்ததற்காகவாம்.