ஜாக் டி மொலே கேள்வி வந்தா சாபக் கதைய எழுதாதீங்க

எம்.ஏ. ஹிஸ்டரில மெடீவல் யூரோப் பேப்பர் எழுதப் போறவங்களுக்கு ஒண்ணு சொல்லிக்கிறேன், டெம்ப்ளர் ஆர்டரோட (சிலுவைப்போர் காலத்து துறவி-வீரர் சபை) கடைசி கிராண்ட் மாஸ்டர், அதாவது தலைவர், ஜாக் டி மொலே பத்தி 10 மார்க் கேள்வி வந்தா சாபக் கதைய நம்பி இறங்காதீங்க. நான் இறங்கினேன். நெருப்புல நின்னுக்கிட்டே போப்பையும் ராஜாவையும் சபிச்சாரு, ரெண்டு பேரும் அதே வருஷம் போய்ச் சேர்ந்தாங்கன்னு இன்டர்னல்ல ஒன்றரை பக்கம் உருகி எழுதிட்டு வந்தேன். 3 மார்க். ஓரத்துல சிவப்பு மைல "கதை சரி, காரணம் எங்கே?". போப் அஞ்சாம் கிளெமென்ட் ஏப்ரல்லயும் பிரான்ஸ் ராஜா நாலாம் பிலிப் நவம்பர்லயும் 1314லயே செத்தது நெசந்தான், சாபம்தான் பின்னாடி ஊதி ஊதிப் பெருசானது.

செமஸ்டருக்கு கைடு புக்க தூக்கி ஓரமா போட்டுட்டு, மொலே எந்தத் தேதில என்ன சொன்னாருன்னு மட்டும் ஒரு தாள்ல எழுதி பீரோ கண்ணாடில ஒட்டினேன். 1307 அக்டோபர் 12, பாரிஸ்ல ராஜாவோட தம்பி பொண்டாட்டி சாவுக்கு ராஜகுடும்பத்தோட மரியாதையா நிக்கிறாரு. மறுநாள் வெள்ளிக்கிழமை விடியக்காலைல அரெஸ்ட். ராஜாவோட கைது உத்தரவு செப்டம்பர் 14லயே போயாச்சு, பாருங்க! 24ந்தேதி, ஆர்டர்ல சேரும்போது ஏசுவ மறுதலிக்கச் சொன்னாங்க மறுதலிச்சேன், சிலுவை மேல துப்பச் சொன்னாங்க தரையில துப்பினேன்னு ஒத்துக்கிறாரு. டிசம்பர்ல கார்டினல்கள் முன்னாடி இல்லைங்கிறாரு. 1308 ஆகஸ்ட்ல சினோன் கோட்டைல மறுபடி ஒத்துக்கிறாரு, பாவமன்னிப்பும் கிடைக்குது. 1309 நவம்பர்ல போப்போட விசாரணை கமிஷன் முன்னாடி, நான் எழுத்தறிவில்லாத ஏழை வீரன், ஆர்டருக்காக எப்படி வாதாடுவேன்னு கைய விரிக்கிறாரு.

ஏன் இப்படி மாத்தி மாத்திப் பேசுறாருன்னு எனக்கு ரொம்ப நாள் எரிச்சலா இருந்துச்சு. அப்புறம்தான் புரிஞ்சுது: ஒருதடவை ஒத்துக்கிட்டவன் அப்புறம் மறுத்தா பழைய பாவத்துக்கே திரும்பினவன்னு கணக்கு, நேரா தீக்குத்தான். 1310 மே 12 ஒரே நாள்ல பாரிஸ் பக்கத்துல 54 டெம்ப்ளர்கள எரிச்சதும் அப்படித்தான். இத எழுதினாலே பாதி மார்க் வந்துரும்னு நினைக்கிறேன்.

ஆர்டர் அழிஞ்சதுக்கான மத்த காரணமெல்லாம் சுருக்கமா போதும். 1291ல சிலுவைப்போர்க்காரங்க கைல இருந்த ஏக்கர் (Acre) கோட்டை விழுந்ததும் ஆர்டருக்கு வேலையே இல்லாம போச்சு, இன்னொரு துறவி-வீரர் சபையான ஹாஸ்பிட்டலர்களோட சேருங்கன்னா மொலே மாட்டேன்னுட்டாரு, பிலிப்புக்கோ பயங்கர பணமுடை, 1306லதான் யூதர்கள விரட்டிட்டு சொத்த எடுத்துக்கிட்டாரு. ஆனா டெம்ப்ளர் சொத்து பூரா ராஜா வாயில போச்சுன்னு எழுதிடாதீங்க, 1312ல ஆர்டர கலைச்ச போப் அத ஹாஸ்பிட்டலர்களுக்குத்தான் எழுதி வச்சாரு. கலைச்சதும் குற்றத் தீர்ப்பால இல்ல, போப்போட அதிகாரத்தால.

எனக்கு வந்த கேள்வி பிலிப்போட பங்கு பத்தி. 1314 மார்ச்ல நோத்ர் தாம் முன்னாடி ஆயுள் தண்டனைய வாசிச்சதும் எல்லாம் பொய்ன்னு கத்தினது, சாயந்திரமே சீன் நதித் தீவுல எரிச்சது வரைக்கும் வந்துட்டேன், பெல் அடிச்சிருச்சு. கூடவே மறுத்து கூடவே எரிஞ்ச ஜெஃப்ராய் டி சார்னி பேரு விட்டுப் போச்சு.