நெய்வேலி நிலக்கரியும் போட்சுவானா வைரமும்

கடலூரிலிருந்து விருத்தாசலம் செல்லும் பேருந்து வடலூரைத் தாண்டியதும், சமவெளிக்கு நடுவே குன்றுகள் போல மண்மேடுகள் தெரியும். பழுப்பு நிலக்கரியை எடுப்பதற்காக மேலிருந்து வாரிக் கொட்டிய மண் அது. எங்கள் வீட்டு அலமாரியில் அப்பா வைத்திருந்த நிலக்கரித் துண்டு ஒன்று இன்னும் இருக்கிறது. அதன் ஒரு பக்கத்தில் மரத்தின் ரேகை அப்படியே தெரியும். விரலால் தேய்த்தால் பழுப்புத் தூள் ஒட்டிக்கொள்ளும்.

1956இல் நெய்வேலி பழுப்பு நிலக்கரி நிறுவனத்தை அரசு தொடங்கி, 1957 மே மாதம் நேரு சுரங்கப் பணியைத் தொடக்கி வைத்தபோது, காமராஜர் முதலமைச்சர். நிலக்கரிப் படிவத்துக்கு அடியில் பெரும் அழுத்தத்தோடு நிற்கும் நீரை இரவும் பகலும் இறைத்துக்கொண்டே இருந்தால்தான் அங்கே தோண்ட முடியும். அத்தனை முதலும் பொறுமையும் அன்று அரசிடம் மட்டுமே இருந்தன. சோவியத் உதவியுடன் அனல்மின் நிலையம் எழுந்து, 1962இல் மின்சாரம் வந்தது. அந்தத் தலைமுறையின் துணிவை நான் நன்றியோடுதான் நினைக்கிறேன்.

ஆனால் நிலத்தடிச் செல்வம் யாருக்கு, எந்த அளவில் சேர வேண்டும் என்பதை ஒரு தலைமை எப்போது எழுதி வைக்கிறது என்ற கேள்வி வரும்போது, எனக்கு ஆப்பிரிக்க நாடான போட்சுவானாதான் நினைவுக்கு வருகிறது. 1966இல் விடுதலை பெற்றபோது உலகின் மிக ஏழை நாடுகளில் ஒன்றாக இருந்த அங்கே, மறு ஆண்டே ஒராப்பாவில் வைரம் கிடைத்தது. அது குடியரசுத் தலைவர் செரட்சே காமா பிறந்த ங்வாட்டோ குலத்தின் நிலப்பகுதி. என் குலத்துக்கே உரிமை என்று அவர் சொல்லியிருந்தால் தடுக்க ஆளில்லை. அவரோ அதே 1967இல் கனிம உரிமை நாட்டுக்கே என்று சட்டமாக்கினார். வைர நிறுவனத்தில் தொடக்கத்தில் 15 விழுக்காடாக இருந்த அரசின் பங்கு, பேச்சுவார்த்தையால் 1975இல் 50 விழுக்காடாயிற்று. அந்த வருவாய் பள்ளிகளாகவும் சாலைகளாகவும் மாறியது. வைரத்துக்கு அடுத்த தொழிலை வளர்க்காதது அந்நாட்டின் குறை. வைரச் சந்தை சரியும்போது அரசின் கருவூலமே ஆடுகிறது.

நம் பக்கம் நாட்டுக்குச் சேர வேண்டியது சேர்ந்தது. நிலம் கொடுத்தவரின் பங்குதான் தெளிவாக எழுதப்படவில்லை. இழப்பீடு ஒரு முறை வரும், வேலை சிலருக்குக் கிடைக்கும், அடுத்த தலைமுறை எங்கே நிற்கும் என்பதற்கு விடை இருக்காது. 2023 ஜூலையில் சுரங்கத்தை ஒட்டிய வளையமாதேவி ஊரில், பரவனாற்றுக்கான மாற்றுக் கால்வாய் வெட்டுவதற்காக, விளைந்து நின்ற நெல்வயலில் எந்திரங்கள் இறங்கின. நிலம் பல ஆண்டுகளுக்கு முன்பே கையகப்படுத்தப்பட்டது என்பது உண்மை; அறுவடை வரை பொறுத்திருக்கவில்லை என்பதும் உண்மை. பயிர் செய்பவருக்கு அது வெறும் கால்வாய்ப் பணியாகத் தெரியாது.

சுரங்க நிறுவனம் அரசுக்குக் கட்டும் உரிமத்தொகையோடு கூடுதலாகச் செலுத்தும் ஒரு பகுதியைப் பாதிக்கப்பட்ட ஊர்களுக்குச் செலவிடும் மாவட்டக் கனிம அறக்கட்டளை, 2015 சட்டத் திருத்தத்தால் வந்தது. குடிநீர், மருத்துவம், கல்வி ஆகியவற்றுக்கு அதில் முன்னுரிமை உண்டு. நம் மாவட்டத்தில் அந்தப் பணம் எந்த ஊருக்கு எவ்வளவு போனது என்பது, வரும் ஆகஸ்ட் 15 கிராம சபையில் ஊர் வாரியாக வாசிக்கப்பட வேண்டும். அதைக் கேட்டு மாவட்ட ஆட்சியருக்கு ஒரு மனு எழுதியிருக்கிறேன். சுரங்கத்தை ஒட்டிய ஊர்க்காரர்கள் தங்கள் ஊராட்சியிலும் கேளுங்கள்.